சத்துணவு சாப்பிட்டு வளர்ந்தவர்களே, சாட்சி சொல்ல வாருங்கள்

காட்டூர், திருச்சி


காட்டூர், பாப்பாக்குறிச்சி, அரியமங்கலம், திருவெறும்பூர்ப் பள்ளிகளில் மதியம் தட்டோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்த அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லோருக்கும் இந்த மடல்.

 1982 ஜூலை 1ஆம் தேதி அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நம் பாப்பாக்குறிச்சிக்கு வந்து சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதலில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் சோறு. அந்தச் செப்டம்பரிலேயே திட்டம் நகரங்களுக்கும் போனது. 1984இல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவிட்டபோது, நம் ஊரில் மூட்டிய அடுப்பு பத்தொன்பது வருஷம் எரிந்து முடித்திருந்தது.

இந்தப் பெருமையை நாம் விடாமல் பேசுகிறோம். வெளியூர்க்காரர் யாராவது காட்டூர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், சத்துணவு பிறந்த ஊர் என்று சொல்கிறோம். அந்த அடுப்பின் முன்னால் நின்றவர்கள் ஓய்வு பெற்ற பிறகு எதை வைத்துச் சாப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் பேசுவதில்லை. அதைப் பேசத்தான் இந்த மடல். அரசுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். முப்பது வருஷம் சமைத்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஓர் அம்மாவுக்கு 2025இல் தமிழ்நாடு அரசு தந்த சிறப்பு ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய். அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் மூவருக்கும் இதே தொகைதான். விலைவாசி ஏறினாலும் அகவிலைப்படி கிடையாது. அந்த வருஷம் ஓய்வு பெற்றபோது ஒட்டுமொத்தத் தொகையாக அமைப்பாளருக்கு ஒரு லட்சம், மற்ற இருவருக்கும் ஐம்பதாயிரம். அத்தோடு கணக்கு முடிந்தது.

அரசிடம் ஒருநாளும் வேலை பார்க்காத, ஆதரவற்ற முதியவர்களுக்கு அதே 2025இல் அரசு மாதம் 1,200 ரூபாய் தந்தது. 2023 ஆகஸ்டில்தான் ஆயிரத்திலிருந்து உயர்த்தினார்கள். அது கொடுக்கப்பட வேண்டிய பணம், இன்னும் கூடுதலாகவே கொடுக்கலாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முப்பது வருஷம் அடுப்படியில் நின்றதற்கு அரசு போட்ட மதிப்பு மாதம் 800 ரூபாய்.

மறுபக்கம், அரசு அலுவலகத்தில் கடைநிலை ஊழியராக இருந்து பழைய திட்டத்தில் ஓய்வு பெற்றவருக்குக் குறைந்தபட்ச ஓய்வூதியம் 7,850 ரூபாய். 2025 ஜனவரி முதல் 55 சதவீத அகவிலைப்படியும் சேர்ந்து அது 12,000 ரூபாயைத் தாண்டியது. அவருக்குக் கிடைப்பதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அதே அரசுக்காக அதே முப்பது வருஷம் உழைத்தவருக்கு ஆறில் ஒரு பங்கு மட்டும் ஏன் என்பதுதான் என் கேள்வி.

இதற்கு எத்தனையோ வருஷமாக ஒரே பதில்தான் வருகிறது: இவர்கள் பகுதிநேரப் பணியாளர்கள், முழுநேர அரசு ஊழியர்கள் கிடையாது. அதனால்தான் சம்பளமும் சிறப்புக் காலமுறை ஊதியம், ஓய்வூதியமும் சிறப்பு ஓய்வூதியம். இந்த இடத்தில் 'சிறப்பு' என்றால் குறைவு என்று பொருள்.

பகுதிநேரம் என்பது எவ்வளவு நேரம்? எங்கள் பக்கத்தில் சமையலராக இருக்கும் ஓர் அக்காவோடு ஒருநாள் முழுக்கக் கூடவே இருந்து பார்த்தேன். காலை எட்டரைக்கு சமையல்கூடத்தைத் திறந்தார். முதல் வேலையாக முந்தைய நாள் கழுவி வைத்த அண்டாவைத் திருப்பி, பல்லி பூச்சி ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்து, மறுபடி ஒருமுறை கழுவினார். அமைப்பாளர் அன்றைய வருகையைக் கேட்டு வந்து, பிள்ளைக்கு நூறு கிராம் வீதம் அரிசி அளந்து கொடுத்தார். நூற்று அறுபது பிள்ளைகளுக்குப் பதினாறு கிலோ. உதவியாளர் அம்மா அதைக் கல் பொறுக்கிக் களைவதற்குள், அக்கா முட்டைகளை ஒரு வாளித் தண்ணீரில் போட்டார். மூழ்கியதை எடுத்துக்கொண்டார், மிதந்ததை எடுத்துத் தனியே வைத்தார். கெட்ட முட்டை ஒன்று உள்ளே போய்விட்டால் மறுநாள் பேப்பரில் யார் பெயர் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

வெங்காயம், தக்காளி நறுக்கித் தாளித்து, சாதம் வெந்து இறங்கியதும் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் துணியைப் பிடித்து அண்டாவைத் தூக்கினார்கள். இரண்டு பேருக்கும் வயது ஐம்பதுக்கு மேல். பிள்ளைகளுக்கு முன்னால் பெரியவர்கள் ருசி பார்த்தாக வேண்டும், அதுவும் நடந்தது. பன்னிரண்டரைக்கு மேல் பிள்ளைகள் வந்தார்கள். சத்தம் அடங்கியபோது ஒன்றரை. அதற்குப் பிறகு அண்டா தேய்ப்பு, தரை கழுவுதல், முட்டைக் கணக்கு, பருப்பு எண்ணெய் இருப்பு, பதிவேடு. அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது மணி மூன்று.

எட்டரையிலிருந்து மூன்று என்றால் ஆறரை மணி நேரம், நடுவில் உட்காரக்கூட முடியாத ஆறரை மணி நேரம். அரசு அலுவலகம் பத்து மணியிலிருந்து ஐந்தே முக்கால் வரை, அதில் சாப்பாட்டு இடைவேளையும் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்காக ஓய்வூதியத்தில் ஆறில் ஐந்து பங்கை வெட்டுவது எந்தக் கணக்கில் நியாயம்?

சரி, பகுதிநேரம் என்பதையே ஏற்றுக்கொள்வோம். பாதி நேர வேலை என்றே வைத்துக்கொள்வோம். பாதி நேரத்துக்குப் பாதி ஓய்வூதியமாவது வர வேண்டும் இல்லையா? 12,000 ரூபாயில் பாதி 6,000. அந்த 2,000 ரூபாயைப் போல மூன்று மடங்கு. அரசு சொல்லும் காரணத்தை வைத்தே அரசு தரும் தொகையை நியாயப்படுத்த முடியவில்லை.

இந்தப் பாதிக் கணக்கு அரசுக்குப் புதிதும் அல்ல. தினக்கூலியாக, தொகுப்பூதியத்தில், மதிப்பூதியத்தில் வேலை பார்த்து 2003 ஏப்ரலுக்கு முன் நிரந்தரமானவர்களுக்கு, பழைய பணிக்காலத்தில் பாதியை ஓய்வூதியத்துக்குச் சேர்த்துக்கொள்ளத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளிலேயே இடம் இருக்கிறது. நம் கிராம உதவியாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தலையாரி, வெட்டியான் என்று காலங்காலமாகப் பகுதிநேரமாகவே வைத்திருந்தவர்களை 1995இல் முழுநேரப் பணியாளர்களாக்கி, சம்பள விகிதமும் ஓய்வூதியமும் கொடுத்தது இதே தமிழ்நாடு அரசுதான். அதனால் அரசு கஜானா காலியாகிவிடவில்லை.

நீதிமன்றங்களும் பேசியிருக்கின்றன. பாப்பாக்குறிச்சியில் திட்டம் தொடங்கிய அதே 1982இல், டிசம்பர் 17ஆம் தேதி, டி.எஸ். நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வூதியம் ஆள்பவர் மனமிரங்கிக் கொடுக்கும் கொடை அல்ல, பார்த்த வேலைக்கு உரிய பலன் என்று நிலைநாட்டிய தீர்ப்பு அது. அந்தத் தேதியைத்தான் இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 2022 ஏப்ரல் 25ஆம் தேதி, குஜராத் அங்கன்வாடிப் பெண்கள் தொடுத்த வழக்கில், அவர்கள் வேலையைப் பகுதிநேர வேலை என்று ஏற்க முடியாது, 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 டிசம்பர் 20ஆம் தேதி ஜக்கோ வழக்கு. மத்திய நீர் ஆணையத்தில் பகுதிநேரமாக, தற்காலிகமாகத் துப்புரவு, தோட்ட வேலைகளைப் பல வருஷம் பார்த்துவிட்டு ஒரே நாளில் வெளியேற்றப்பட்டவர்களைத் திரும்ப எடுத்துப் பணிவரன்முறை செய்யச் சொன்னது அதே நீதிமன்றம். தினமும் நடந்தாக வேண்டிய வேலையைத் தற்காலிகம் என்று பெயரிட்டுக் காலம் தள்ளக் கூடாது என்பதுதான் இந்தத் தீர்ப்பின் சாரம்.

வெளிநாடுகளில் இந்தச் சண்டை நடந்து முடிந்து பல காலமாகிவிட்டது. ஜெர்மனியின் பில்கா என்ற கடை நிறுவனம் பகுதிநேரப் பணியாளர்களைத் தன் ஓய்வூதியத் திட்டத்திலிருந்து விலக்கிவைத்திருந்தது. அப்படி வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தக்க காரணம் காட்ட முடியாவிட்டால் அது பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1986இல் சொல்லிவிட்டது. பகுதிநேரத் தொழிலாளர்களுக்கும் சமூகப் பாதுகாப்பில் வேலை நேரத்துக்கு ஏற்ற பங்கு உண்டு என்று 1994இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 175ஆம் எண் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. பிரிட்டனில் நாள் கணக்கில் சம்பளம் வாங்கிய பகுதிநேர நீதிபதி ஒருவர் ஓய்வூதியம் கேட்டு வழக்குப் போட்டு, 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் வென்றார். நீதிபதிக்குப் பொருந்தும் நியாயம் சமையல்காரருக்கும் பொருந்த வேண்டும்.

நம் ஊரில் சமைப்பவர்கள் பெண்கள் என்பதற்கு மேலும் ஒரு விஷயம் இருக்கிறது. 1982இல் ஆள் எடுத்தபோது கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்றவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். நல்ல முடிவு. எத்தனையோ வீடுகள் அதனால் தலை நிமிர்ந்தன. ஆனால் வேறு துணை இல்லாதவர்களாகப் பார்த்து வேலைக்கு எடுத்த அரசுக்கு, அவர்கள் முதுமையிலும் வேறு துணை இல்லாமல்தான் இருப்பார்கள் என்பது அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1983 ஜனவரியிலிருந்து முதியோர் ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கும் சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு போட்டார்கள். நாம் சாப்பிட்டு எழுந்த பிறகு ஊர்ப் பெரியவர்கள் தட்டோடும் தூக்குச்சட்டியோடும் வருவார்கள். ஊரின் முதியவர்களுக்குச் சோறு போட்ட அதே பெண்கள் இன்று தாங்களே முதியவர்களாகி, அந்தச் சொற்ப ஓய்வூதியத்தில் வீட்டு வாடகையா மருந்தா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

காசுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். குறைந்தபட்ச ஓய்வூதியமாக 6,750 ரூபாயும் அதற்கு அகவிலைப்படியும் வேண்டும் என்பது சத்துணவு ஊழியர் சங்கத்தின் கோரிக்கை. 2025ஆம் வருஷத்து 55 சதவீத அகவிலைப்படியோடு அது பத்தாயிரத்து நானூற்றுச் சொச்சம் வரும். அந்த 2,000 ரூபாயைவிட ஆளுக்குச் சுமார் 8,460 ரூபாய் கூடுதல். மாநிலத்தில் சத்துணவு மையங்கள் சுமார் 43,000, மையத்துக்கு மூன்று பணியிடம். ஓய்வு பெற்றவர்கள் ஒரு லட்சம் பேர் என்றே பெரிதாக வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஆயிரம் கோடியை ஒட்டி வரும். 2025-26 பட்ஜெட்டில் அரசின் வருவாய் மதிப்பீடு 3.31 லட்சம் கோடி. ஆயிரம் ரூபாய் வருமானத்தில் மூன்று ரூபாய். கஷ்டம் இல்லாமல் வராது, ஒத்துக்கொள்கிறேன். முடியாது என்று சொல்லும் அளவுக்குப் பெரிய தொகை இல்லை.

மத்திய அரசின் பங்கையும் சொல்லியாக வேண்டும். மதிய உணவு சமைப்பவர்களுக்கு அது நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய், அதுவும் வருஷத்தில் பத்து மாதத்துக்குத்தான். 2009இல் வைத்த அந்தத் தொகை இன்றுவரை மாறவில்லை. இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியமும் தர வேண்டும் என்று 2013 மே மாதம் கூடிய 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்து எடுத்த முடிவு அது. அன்றிலிருந்து காகிதத்தில் கிடக்கிறது.

நிலைமை சரியாகிக்கொண்டு வருகிறது என்று நினைத்துவிடாதீர்கள். 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர் பணியிடங்களை நிரப்ப அரசாணை வந்தது. மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம். 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் பிள்ளைகளுக்குப் பெரிய நன்மை. ஆனால் அதில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். சத்துணவுக்காரர்களுக்குக் கிடைக்கும் சிறப்பு ஓய்வூதியம்கூட அவர்களுக்கு எழுதப்படவில்லை. 2012இல் எடுத்த 16,549 பகுதிநேர ஆசிரியர்களின் கதையும் இதேதான். ஓவியம், தையல், கணினி, உடற்கல்வி சொல்லிக்கொடுத்துக்கொண்டே தலை நரைக்கிறவர்களுக்கு ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லை. இன்று ஒருவருக்கு மறுப்பதை நாளை எல்லோருக்கும் மறுப்பார்கள்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன்.

சத்துணவுப் பெண்கள் மறியல் செய்திருக்கிறார்கள், கைதாகியிருக்கிறார்கள், மனு மேல் மனு கொடுத்திருக்கிறார்கள். 2021இல் ஆட்சிக்கு வந்த கட்சியின் அந்த வருஷத் தேர்தல் அறிக்கையில் 313ஆவது வாக்குறுதியாக இவர்களுக்குக் காலமுறை ஊதியமும் ஓய்வூதியமும் இடம்பெற்றது. நான்கு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவர்கள் கேட்டால் சங்கம் கேட்கிறது என்று சொல்லிவிடுகிறார்கள். நாம் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. பகுதிநேர வேலையா, முழுநேர வேலையா என்ற வழக்கில் நேரில் பார்த்த சாட்சிகள் நாம்தான். காலையில் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது புகை வந்துகொண்டிருந்ததும், கடைசிப் பீரியடுக்கு முன்னால் அண்டா தேய்க்கும் சத்தம் கேட்டதும் நமக்குத் தெரியும். அரசாணையில் எழுதியிருக்கும் நேரத்தை மறுத்துச் சொல்ல நம்மைவிடத் தகுதியானவர்கள் யாரும் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மூன்று வேலைகள்.

ஒன்று, ஆளுக்கு ஒரு சாட்சிக் கடிதம். எந்தப் பள்ளி, எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை படித்தீர்கள், சமைத்தவர்கள் எத்தனை மணிக்கு வந்தார்கள், எத்தனை மணிக்குப் போனார்கள், என்னென்ன வேலை பார்த்தார்கள். ஒரு பக்கம் போதும். புகழ்ந்து எழுத வேண்டாம், பார்த்ததை எழுதுங்கள். மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, சமூக நலத் துறைக்கு ஒன்று.   எங்கள் வரம்பில் இவர்கள் வரவில்லை என்று பதில் வந்தால், ஏன் வரவில்லை என்று அடுத்த கடிதம் எழுதுவோம்.

இரண்டு, திருவெறும்பூர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். திட்டம் தொடங்கிய ஊர் அவருடைய தொகுதிக்குள் இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களாக அவரைப் போய்ப் பார்ப்போம். தேர்தல் வரும்போது எந்தக் கட்சி வேட்பாளர் தெருவுக்கு வந்தாலும் ஒரே கேள்வி கேட்போம்: எவ்வளவு தொகை, எந்தத் தேதியிலிருந்து, அகவிலைப்படி உண்டா? பரிசீலிப்போம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடக் கூடாது.

மூன்று, பெல் தொழிற்சாலையிலும் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் வேலை பார்க்கும், ஓய்வு பெற்ற நம் ஆட்கள். உங்களுக்குச் சங்கம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார், மனு எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரிலிருந்து 1,000 ரூபாயிலேயே நிற்கும் வலி உங்களுக்குத் தெரியும். உங்கள் கோரிக்கைப் பட்டியலில் சத்துணவுப் பெண்களின் ஓய்வூதியத்துக்கும் ஒரு வரி கொடுங்கள்.

இதெல்லாம் நடக்குமா என்று தயங்க வேண்டாம். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு கேட்டு எத்தனை வருஷம், எத்தனை அலுவலகப் படி ஏறியிருக்கிறோம்? கடைக்காரரும் குடியிருப்பவரும் கட்சி பார்க்காமல் ஒன்றாக நிற்கத் தெரிந்த ஊர் இது. சாலைக்காக நின்ற ஊர், நமக்குச் சோறு போட்டவர்களின் உரிமைக்காகவும் நிற்க வேண்டும்.

ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். நன்றிக்கடன் என்று யாரும் இதைச் செய்ய வேண்டாம். நன்றியைப் பொன்னாடையில் தீர்த்துவிடலாம், ஆண்டுவிழாவில் தீர்த்துவிடலாம். இவர்கள் கேட்பது உழைத்த காலத்தில் கொடுக்காமல் பிடித்துவைத்த சம்பளம். அதைக் கொடுக்கும் வரை அது அரசின் கடன்.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். ஆட்சியர் அலுவலகத்துக்கு என் சாட்சிக் கடிதத்தோடு காலை பத்து மணிக்குப் போகிறேன். உள்ளூரில் இருப்பவர்கள் உங்கள் கடிதத்தோடு வாருங்கள். சென்னையிலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் எழுதிக் கையெழுத்திட்டு வீட்டுக்கு அனுப்புங்கள், அப்பா அம்மா கொண்டுவந்து கொடுக்கட்டும். முதல் வாரம் பத்துக் கடிதம் போனால் போதும். அடுத்த திங்கள் இருபது கொண்டுபோவோம். 6,750 ரூபாயும் அகவிலைப்படியும் அரசாணையாக வரும் வரை ஒரு திங்கட்கிழமையும் விட வேண்டாம்.

அன்புடன்,
உங்களோடு அதே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருத்தி,
காட்டூர்